நோட்டட் சார்!

உங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டதா? வரவில்லை என்றால் கவலை வேண்டாம். மார்ச் முடிவதற்குள் வந்துவிடும். ஒதுக்கிய பணத்தைச் செலவழித்தாக வேண்டுமே. உத்தரவு இப்படி: "இன்று முதல் அனைத்துத் தகவல் பரிமாற்றமும் புதிய ஒருங்கிணைந்த தளத்தின் வழியாக மட்டுமே நடைபெற வேண்டும். வாட்ஸ்அப் குரூப்கள் உடனடியாகக் கலைக்கப்படும். மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்." கீழே அலுவலகப் பெரியவரின் கையெழுத்து. ஸ்கேன் செய்தது, சாய்வாக.

இந்த உத்தரவு எதில் வந்தது? வாட்ஸ்அப் குரூப்பில்.

குரூப்பில் இருநூறு பேர். இருநூறு பேரும் அதற்குக் கீழேயே 'நோட்டட் சார்' போட்டார்கள். சிலர் கூடவே கும்பிடும் கை. ஒருவர் பழக்க தோஷத்தில் ரோஜாப்பூவோடு 'குட்மார்னிங்'. மாலை வரை போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. தகவல் பரிமாற்றத்தை எளிமையாக்கும் திட்டம் தொடங்கிவிட்டது.

அடுத்தது உள்ளே நுழையும் படலம். அழைப்பு மின்னஞ்சலில் வரும். ஸ்பேம் பெட்டியில் கிடக்கும். தேடி எடுத்து அழுத்தினால், 'இந்த இணைப்பு காலாவதியாகிவிட்டது'. ஐ.டி. பிரிவுக்குப் போன் போட்டால், "டிக்கெட் ரெய்ஸ் பண்ணுங்க சார்." எங்கே? புதிய தளத்தில். உள்ளே போக முடியவில்லை என்ற புகாரை உள்ளே போய்த்தான் கொடுக்க வேண்டும். இதை யோசித்தவர் நம் நாட்டில் ஏதாவதொரு நலத்திட்ட விண்ணப்பத்தையும் வடிவமைத்திருப்பார்.

ஒருவழியாகக் கதவு திறந்தால் பாஸ்வேர்ட். பெரிய எழுத்து ஒன்று, சின்ன எழுத்து ஒன்று, எண் ஒன்று, வாயால் சொல்ல முடியாத குறி ஒன்று. 90 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழையதைத் திரும்ப வைக்கக் கூடாது. இப்படி நாள் கணக்கு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள், சொன்னால் ஜனங்கள் சுலபமானதாகத்தான் வைப்பார்கள் என்று அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே எழுதிக் கொடுத்துவிட்டது. அந்தச் செய்தி நம்மவர்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. எந்தத் தளத்தில் போட்டார்களோ. பலன்: பிரிவில் இருக்கும் அத்தனை பேரின் பாஸ்வேர்டும் மஞ்சள் சீட்டில் மானிட்டர் ஓரம் ஒட்டியிருக்கிறது. டீ கொண்டுவரும் பையனுக்குக்கூடத் தெரியும். மறந்துபோனால் அவனைக் கேட்டால் போதும்.

பிறகு பயிற்சி வகுப்பு. அலுவலகத்தில் வைத்தால் கற்பனை ஊறாது என்பதால் நட்சத்திர ஓட்டலில். மினி சமோசா, இரண்டு வகை பிஸ்கட், ஏ.சி. குளிர். அலுவலகத்துக் கழிப்பறையில் குழாய் உடைந்து பல மாதமாகிறது. அதற்குக் கேட்ட மதிப்பீடு 'நிதி இல்லை' என்று திரும்பி வந்தது. இதற்கு நிதி உண்டு. மேடையில் ஆலோசனை நிறுவனத்து இளைஞர். "இனிமே எல்லாம் ஒரே இடத்துல" என்றார். ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கியிருக்கும் கணக்குப் பிரிவுக்காரர் கையைத் தூக்கினார்.

"தம்பி, லீவு லெட்டர் இதுலயே போட்டுடலாமா?"

"அது ஹெச்.ஆர். போர்ட்டல் சார்."

"சம்பளச் சீட்டு?"

"அதுக்கு பேரோல் ஆப் இருக்கு சார்."

"பயணப்படி பில்?"

"அது பழைய சாஃப்ட்வேர்தான். இன்னும் மைக்ரேட் ஆகலை."

"அப்ப இதுல என்னதான் பண்றது?"

"பேசலாம் சார். உங்க டீமோட."

"என் டீம் பக்கத்து நாற்காலியிலதான் இருக்கான்."

பக்கத்து நாற்காலி தலையாட்டியது. இளைஞர் அடுத்த ஸ்லைடுக்குப் போனார். அதில் வெவ்வேறு நிறத்து மனிதர்கள் ஒரே மடிக்கணினியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதைப் பார்த்து அவ்வளவு சிரிப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முதல் வாரம் திருவிழா. 'பொது' என்று ஒரு சேனல், 'அறிவிப்பு' என்று ஒன்று, 'ஐடியா' என்று ஒன்று, 'பிறந்தநாள்' என்று ஒன்று. எல்லோரும் எல்லோருக்கும் கை அசைத்தார்கள். இரண்டாம் வாரம் 'ஐடியா' சேனலில் ஒருவர் ஐடியா சொன்னார். கேன்டீன் சாம்பார் பற்றி. அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். அதன்பின் யாருக்கும் ஐடியா வரவில்லை. மூன்றாம் வாரம் பெரியவர் மட்டும் தனியாக 'பொது'வில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது: 'புதிய தளத்தின் பயன்பாடு திருப்திகரமாக இல்லை. ஊழியர் ஒவ்வொருவரும் தினமும் ஐந்து பதிவாவது இட வேண்டும்.' எதில் வந்தது என்று கேட்காதீர்கள். கலைக்கப்பட்ட குரூப் 'ஆபீஸ் நியூ' என்று மறுபிறவி எடுத்துவிட்டது.

ஆக, மனிதர்கள் பேசிக்கொள்வதற்காக வாங்கிய கருவி. அதில் பேசுவதற்கு இலக்கு நிர்ணயம். ஐந்து பதிவுக்காக ஊழியர்கள் மதிய சாப்பாட்டைப் பற்றி எழுதினார்கள். விற்ற நிறுவனத்தின் அறிக்கையில் பயன்பாட்டுக் கோடு செங்குத்தாக ஏறியது. பெரியவர் அதை மேலிடத்தில் காட்டினார். மேலிடம் பாராட்டியது. ஆள் ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம் டாலரில் போய்க்கொண்டிருக்கிறது. லெமன் சாதத்துக்கு ஊறுகாய் உண்டா இல்லையா என்ற விவாதத்தைப் பாதுகாப்பாகச் சேமித்து வைப்பதற்கு.

இது ஏதோ நம் ஊர்க் கோளாறு என்று நினைக்க வேண்டாம். உலகத்தின் மிகப் பெரிய மூளைகள் இருபது வருஷமாக இதே வேலையைத்தான் செய்கின்றன. கூகுள் 2009-ல் 'வேவ்' என்று ஒன்றைக் காட்டியது. மின்னஞ்சலின் காலம் முடிந்தது என்றார்கள். அடுத்த வருஷம் ஆகஸ்டில் வேவின் காலம் முடிந்தது. 2010-ல் 'பஸ்' வந்தது. மறுவருஷம் போனது. 2013-ல் 'ஹேங்அவுட்ஸ்'. 2016-ல் 'அல்லோ'. அல்லோ 2019-ல் அடங்கியது, ஹேங்அவுட்ஸ் 2022-ல். மைக்ரோசாஃப்ட் 2011-ல் 850 கோடி டாலர் கொடுத்து ஸ்கைப்பை வாங்கியது; 2025 மே 5-ம் தேதி இழுத்து மூடியது. அதே மைக்ரோசாஃப்ட் 2017-ல் இந்தியாவுக்கென்றே 'கைசாலா' என்று ஒன்றை இறக்கியது. நினைவிருக்கிறதா? இல்லையல்லவா? 2023-ல் அதுவும் காலி. பேஸ்புக்காரர்கள் அலுவலகங்களுக்காக நடத்திய 'வொர்க்பிளேஸ்' 2016-ல் பிறந்தது. மூடப்போகிறோம் என்று 2024-ல் அறிவித்தார்கள்.

ஸ்லாக்கின் கதை இன்னும் சுவை. ஒரு கம்பெனி கணினி விளையாட்டு செய்தது. விளையாட்டு ஓடவில்லை. விளையாட்டைச் செய்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்திருந்த கருவி மட்டும் மிஞ்சியது. அதை விற்க ஆரம்பித்தார்கள். 2020 டிசம்பரில் சேல்ஸ்ஃபோர்ஸ் அதற்கு ஏறத்தாழ 2,770 கோடி டாலர் விலை பேசியது. தோற்ற விளையாட்டின் அரட்டைப் பெட்டிக்கு அந்த விலை. நம் ஊரில் ஒரு முழு மாவட்டத்தின் குடிநீர்த் திட்டத்துக்கு அதில் தூசு கேட்டாலும் உலக வங்கியிடம் மனுப்போட வேண்டும்.

ஒவ்வொன்றும் சாகும்போது யாருக்கு நஷ்டம்? முதலாளிக்கு இல்லை, அடுத்ததை விற்பார். வாங்கிய அதிகாரிக்கு இல்லை, மாற்றலாகிப் போயிருப்பார். பழைய தளத்தில் எழுதிவைத்ததெல்லாம் அதோடு போய்விட, புதிதில் மறுபடி முதலிலிருந்து பெயரும் படமும் போடும் நமக்குத்தான். நடுவயதுக்காரர் ஒருவர் தன் உத்தியோக காலத்தில் வேலை கற்றுக்கொண்டதைவிட, வேலையைப் பற்றிப் பேசும் செயலிகளைக் கற்றுக்கொண்ட நேரம் அதிகமாக இருக்கும்.

அரசாங்கம் சும்மா இருக்குமா? 2021 பிப்ரவரியில் ட்விட்டரோடு மத்திய அரசுக்குச் சண்டை. உடனே சுதேசி எழுச்சி. அமைச்சர்கள் வரிசையாக 'கூ' என்ற உள்நாட்டுச் செயலிக்குக் குடியேறினார்கள். 'நான் இப்போது கூவில் இருக்கிறேன்' என்று அமைச்சர் பியூஷ் கோயல் ஊருக்கு அறிவித்தார். அறிவித்த இடம் ட்விட்டர். 2024 ஜூலையில் கூ மூடப்பட்டது. அமைச்சர்கள் ட்விட்டரிலேயே இருக்கிறார்கள்; அதற்குத்தான் எக்ஸ் என்று பெயர் மாறிவிட்டது. 2025 செப்டம்பரில் மறுபடி எழுச்சி. ஜோஹோவுக்கு மாறுகிறேன் என்றார் அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ். அதை எக்ஸ் தளத்தில் சொன்னார். சென்னைக்காரர்களான அந்த ஜோஹோ நிறுவனத்தார் செய்த 'அரட்டை' செயலி 2021-லிருந்தே இருக்கிறது. நாலு வருஷமாக ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. தேசபக்தி வந்த ஒரே வாரத்தில் கூட்டம் நெரிந்தது. செய்தவர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. கூட்டம் எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் கேள்வி. இதற்கு நடுவே தேசியத் தகவல் மையம் அரசு ஊழியர்களுக்காக 'சந்தேஸ்' என்று ஒரு செயலியைச் செய்து வைத்திருக்கிறது. உங்கள் ஊர் தாசில்தார் எதில் செய்தி அனுப்புகிறார் என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு அவருடைய எண் வேண்டுமா? வாட்ஸ்அப்பில் இருக்கும்.

கொஞ்சம் கீழே இறங்குவோம். அங்கேதான் சிரிப்பு நின்றுபோகிறது.

இரவு ஒன்பதே முக்கால். தலைமையாசிரியர்கள் குரூப். 'மிக மிக அவசரம். கீழ்க்கண்ட விவரத்தை நாளை காலை 9 மணிக்குள் பூர்த்தி செய்ய வேண்டும். தவறினால் விளக்கம் கோரப்படும்.' கீழே ஒரு கூகுள் ஷீட் இணைப்பு. அதே விவரத்தைப் போன மாதம் வேறொரு செயலியில் ஏற்றியாகிவிட்டது. அதற்கு முந்தைய மாதம் தாளில் எழுதி மூன்று நகல் கொடுத்தாகிவிட்டது. இருந்தாலும் நூற்றுச் சொச்சம் தலைமையாசிரியர்கள் ஒரே நேரத்தில், ஐந்தங்குலத் திரையில், ஒரே ஷீட்டுக்குள் இறங்குகிறார்கள். அதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் விரல் பட்டு, பள்ளிப் பெயர்கள் அகர வரிசைக்கு மாறிவிடுகின்றன. எண்ணிக்கைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மலை மேலிருக்கும் ஏழு பிள்ளைகள் பள்ளிக்குத் திடீரென்று 412 மாணவர்கள். 412 பிள்ளைகள் படிக்கும் டவுன் பள்ளியில் ஏழு பேர். 'யார் என் வரியைத் தொட்டது?' என்று குரூப்பில் சண்டை. பதினொன்றரை மணிக்கு ஷீட் உரிமையாளர் வருகிறார்: 'பூர்த்தி செய்யாதவர்கள் பட்டியல் கீழே.' பட்டியலில் முதல் பெயர், முதலில் பூர்த்தி செய்தவருடையது.

கிராம நிர்வாக அலுவலரைக் கேளுங்கள், இன்னொரு கதை சொல்வார். கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். ஊசி போட்டேன் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். செயலியில் ஏற்ற வேண்டும். ஏற்றியதைத் திரையில் படம்பிடித்துக் குரூப்பில் போட வேண்டும். குரூப்பில் போட்டதற்குக் கட்டைவிரல் வந்தால்தான் குழந்தைக்கு ஊசி போட்டதாக அரசாங்கம் நம்பும். அழுத குழந்தை சாட்சியாகாது.

போன் யாருடையது? அவருடையது. ரீசார்ஜ் யார் காசு? அவர் காசு. போன் கொடுத்த இடத்தில் என்ன கொடுத்தார்கள் என்பதையும் பார்த்தோம். அங்கன்வாடிகளுக்காக மத்திய அரசின் 'போஷன் டிராக்கர்' செயலி 2021 மார்ச்சில் வந்தது. அந்த வருஷமே மகாராஷ்டிரத்தில் அங்கன்வாடிப் பெண்கள், அரசு கொடுத்த போன்களைத் திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். செயலியைத் தாங்கும் திராணி அந்த போன்களுக்கு இல்லை. சூடானது, நின்றது. சோறு ஊட்ட வந்தவர் போனுக்கு விசிறிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

இரவில் வரும் உத்தரவுக்கு என்ன பரிகாரம்? பிரான்சில் 2017-லிருந்து, வேலை நேரம் முடிந்தபின் தொடர்பிலிருந்து விலகி இருக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது. இந்தியாவில்? சுப்ரியா சுலே மக்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். தனிநபர் மசோதாக்களுக்கு நம் நாடாளுமன்றத்தில் என்ன கதியோ அதே கதி. 1970-க்குப் பிறகு ஒன்றுகூடச் சட்டமானதில்லை. நாடாளுமன்றம் மாலையில் கலைகிறது. நம் குரூப்தான் கலைவதில்லை.

சரி, இவ்வளவு பணம், இவ்வளவு பயிற்சி, இவ்வளவு மிரட்டல் எதற்கு? வேலை வேகமாக நடக்கவா? அப்படி நடந்த அலுவலகம் இருந்தால் காட்டுங்கள், மாலையோடு வருகிறேன். உண்மையான காரணம் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு சின்னப் பச்சைப் புள்ளி.

நீங்கள் இருக்கையில் இருந்தால் பச்சை. சற்று நேரம் விசைப்பலகையைத் தொடவில்லை என்றால் மஞ்சள். கோப்பைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தால் மஞ்சள். முதியவர் ஒருவருக்குப் படிவம் எப்படி நிரப்புவது என்று சொல்லிக்கொண்டிருந்தால் மஞ்சள். யோசித்தால் மஞ்சள். ஒன்றும் செய்யாமல் மவுஸை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தால் பச்சை. மவுஸைத் தானாக ஆட்டிக்கொண்டிருக்கும் கருவியே கடையில் கிடைக்கிறது. 2024-ல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகையில் வேலை செய்வதுபோல் பாவனை காட்டினார்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பியது. பாவனையைக் கண்டுபிடிக்க ஒரு மென்பொருள், பாவனை செய்ய ஒரு மென்பொருள். இரண்டுக்கும் சந்தா. 2020-ல் மைக்ரோசாஃப்ட், எந்த ஊழியர் எத்தனை நாள் சாட்டில் பேசினார், எத்தனை நாள் மெயில் அனுப்பினார் என்று பெயர் பெயராக நிர்வாகத்துக்குக் காட்டும் மதிப்பெண் அட்டை ஒன்றை விட்டது. ஊர் காறித் துப்பிய பிறகு பெயர்களை மட்டும் எடுத்தது.

கீழே இருப்பவனின் ஒவ்வொரு நிமிடமும் பதிவாகிறது. ஒப்புக்கொள்வோம், காலம் அப்படி. மேலே இருப்பவரின் நிமிடங்கள்?

2025 மார்ச்சில் அமெரிக்காவின் துணை அதிபர், பாதுகாப்பு அமைச்சர், தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் எல்லோரும் சேர்ந்து ஏமன் மீது எப்போது குண்டு போடுவது என்று பேசினார்கள். எங்கே பேசினார்கள்? சிக்னல் குரூப்பில். அதில் தவறுதலாக ஒரு பத்திரிகை ஆசிரியரையும் சேர்த்துவிட்டார்கள். குண்டு விழுந்ததும் பாதுகாப்பு ஆலோசகர் மைக் வால்ட்ஸ் குரூப்பில் போட்டது ஒரு முஷ்டி, ஒரு கொடி, ஒரு தீ. செய்திகள் தாமாகவே அழிந்துபோகும்படி அமைத்திருந்தார்கள். ஆசிரியர் உள்ளே இருந்ததால் உலகத்துக்குத் தெரிந்தது. அப்படி ஒருவர் இல்லாத குரூப்கள் எத்தனையோ.

பிரிட்டனில் கொரோனா விசாரணை ஆணையம் பிரதமர்களின் வாட்ஸ்அப்பைக் கேட்டது. முழுதாகக் கொடுக்க மாட்டோம் என்று அரசாங்கமே 2023-ல் நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்றது. போரிஸ் ஜான்சனின் பழைய போனைத் திறக்க வேண்டும். அவருக்கு ரகசிய எண் நினைவில்லை. ரிஷி சுனக் பலமுறை போன் மாற்றியதால் பழைய செய்திகள் கையில் இல்லை என்றார். நம் மஞ்சள் சீட்டு முறை எவ்வளவு நாணயமானது, பாருங்கள். அமெரிக்காவில் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பு 2022 செப்டம்பரில் பெரும் நிதி நிறுவனங்கள் 16-க்குச் சேர்த்து 110 கோடி டாலருக்கு மேல் அபராதம் போட்டது. குற்றம்: பணம் பற்றிய பேச்சை, பதிவாகும் அலுவலகத் தளத்தை விட்டு, சொந்த போனில் நடத்தியது. அந்த நிறுவனங்களில் எல்லோரும் அலுவலகத் தளத்தில்தான் பேசியாக வேண்டும். மேலே இருப்பவர்களும் வெளியே போய்ப் பேசினார்கள்.

நமக்கு இது புதிதா? நம் நாட்டில் அகில இந்தியப் பணி நடத்தை விதிகள் 1968-லிருந்து இருக்கின்றன. மேலதிகாரியின் உத்தரவு பொதுவாக எழுத்தில் இருக்க வேண்டும். வாயால் சொல்லியே தீர வேண்டியிருந்தால், சொன்ன கையோடு எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். 2013 அக்டோபர் 31 அன்று டி.எஸ்.ஆர். சுப்ரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது: வாய்மொழி உத்தரவில் அதிகாரிகள் இயங்கக் கூடாது, பதிவு செய்ய வேண்டும். 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. கோப்பைக் கேட்டால் காட்டியாக வேண்டும் என்றதும் கோப்பில் எழுதுவது குறைந்தது. 'போன்ல பேசிக்கலாம்' என்பது பெருகியது. அப்புறம் 'வாட்ஸ்அப் கால்ல வாங்க' என்பது வந்தது. சாதாரண அழைப்பை யாராவது பதிவு செய்துவிடுவார்களாம். வாட்ஸ்அப் 2017-ல் 'எல்லோருக்கும் அழி' என்ற வசதியைக் கொடுத்தது. முதலில் ஏழு நிமிடத்துக்குள் அழிக்க வேண்டும். 2022-ல் இரண்டு நாளுக்கும் மேல் அவகாசம் கொடுத்தார்கள். உத்தரவு போட்டு, வேலை வாங்கி, விபரீதமானால் மறுநாள் சாவகாசமாக அழித்துக்கொள்ளலாம். எந்த ஆலோசனை நிறுவனமும் இதற்கு வகுப்பெடுக்கவில்லை. எந்த ஓட்டலிலும் சமோசா கொடுக்கவில்லை. மேல்மட்டம் தானாகவே கற்றுக்கொண்டது, ஒரே நாளில்.

புதிய தளத்தில் பெரியவரின் பெயரைத் தேடிப் பாருங்கள். பொங்கல் வாழ்த்து இருக்கும். ஆயுத பூஜை வாழ்த்து இருக்கும். 'குழுவாக உழைப்போம்' இருக்கும். டெண்டர் பற்றி ஒரு வரி இருக்காது. மாற்றல் பற்றி இருக்காது. 'அந்த பில்லை முதலில் பாஸ் பண்ணு' என்பது இருக்கவே இருக்காது.

ஒருநாள் தணிக்கை வரும். அந்த பில் மாட்டும். உதவியாளர் ஒருவருக்கு 17-பி குற்றச்சாட்டுக் குறிப்பாணை போகும். விசாரணை அதிகாரி கேட்பார்:

"உங்களுக்கு யார் உத்தரவு கொடுத்தது?"

"மேலதிகாரி சொன்னார் ஐயா."

"எழுத்தில் இருக்கிறதா?"

"போன்ல சொன்னார் ஐயா."

"அதற்கு ஆதாரம் இருக்கிறதா?"

"இல்லீங்க ஐயா."

"ஆனால் பில்லை நீங்கள் சரிபார்த்ததற்கு ஆதாரம் இருக்கிறது. போன மார்ச் 28-ம் தேதி மாலை 6.42-க்குப் புதிய தளத்தில் பதிவு செய்திருக்கிறீர்கள். 6.43-க்கு உங்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. வேறு யாரும் அப்போது ஆன்லைனில் இல்லை."

"எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க ஐயா. நான் மட்டும்தான் இருந்தேன்."

"அதையும் எழுதிக்கொள்கிறேன்" என்பார் விசாரணை அதிகாரி. "அலுவலக நேரத்துக்குப் பிறகு, அனுமதியில்லாமல்."